ஜாம்பிலேண்ட் இரண்டாம் பாகத்தை மலையில் பார்க்கப் போகிறவர்கள் கவனத்துக்கு

கோத்தகிரி, குன்னூர் பக்கமிருந்து 'ஜாம்பிலேண்ட்: டபுள் டேப்' பார்க்கக் கிளம்புகிறவர்கள் டிக்கெட் எடுக்கும் முன் இதைப் படித்துவிடுங்கள். தியேட்டர் பெயரை இங்கே போடவில்லை. புகார் எழுதிக் கொடுத்திருக்கிறேன், அது ஒரு பக்கம் நடக்கட்டும்.

மனிதர்களைத் தின்ன வரும் ஜாம்பிகளைச் சுட்டுத் தள்ளும் காமெடிப் படம் இது. முதல் பாகம் வந்தது 2009இல். அதே இயக்குநர் ரூபன் ஃபிளைஷர், அதே வுடி ஹாரல்சன், ஜெஸ்ஸி ஐசன்பெர்க், எம்மா ஸ்டோன், அபிகேல் பிரெஸ்லின், 10 வருடம் கழித்துத் திரும்பி வருகிறார்கள். இங்கிலீஷ் படம் என்றால் மேட்டுப்பாளையம் இறங்கி கோவை போய்த்தான் நமக்குப் பழக்கம். இங்கேயே ஓடுகிறது என்றதும் சித்தப்பா மகனையும் கூட்டிக்கொண்டு ஆசையாகப் போனேன்.

படம் தொடங்கியதும் துப்பாக்கிச் சத்தம் காதைப் பிளந்தது. பேச்சு மட்டும் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் இருந்தது. தியேட்டரில் வசனம் பெரும்பாலும் திரைக்குப் பின்னால் நடுவில் இருக்கும் ஸ்பீக்கரில்தான் வரும். இசையும் வெடிச்சத்தமும் மற்ற ஸ்பீக்கர்களில் பிரிந்து வரும். நடு ஸ்பீக்கர் போய்விட்டால் இப்படித்தான் கேட்கும். இந்தப் படத்தில் சிரிப்பே கொலம்பஸ் (ஐசன்பெர்க்) அடுக்கிக்கொண்டே போகும் உயிர் பிழைக்கும் விதிகளிலும், அவனும் டாலஹாசியும் (ஹாரல்சன்) ஒருவரை ஒருவர் வாருவதிலும்தான் இருக்கிறது. அது காதில் விழாவிட்டால் மிஞ்சுவது ரத்தம் மட்டும்தான். சப்டைட்டிலும் கிடையாது. இடைவேளையில் ஆபரேட்டரிடம் போய்ச் சொன்னோம். "அது ரொம்ப நாளாவே அப்படித்தான் சார். இங்கிலீஷ் படத்துக்கு யாரும் வந்து கேக்கறதில்ல" என்றார். ஆக, தெரிந்தேதான் முழுக் காசு வாங்கியிருக்கிறார்கள். எனக்குக் கோபம் வந்தது அந்த இடத்தில்தான்.

அடுத்தது இதைவிட மோசம். கதை முடிந்து பெயர்கள் ஓடும்போது நடுவில் பில் மர்ரே வரும் காட்சி இருக்கிறது. முதல் பாகத்தில் பில் மர்ரேயாகவே வந்து சிரிக்கவைத்த ஹாலிவுட் நடிகர் அவர். அந்தக் காட்சிக்காகவே காத்திருந்தேன். முதல் பெயர் விழுந்ததுமே புரொஜெக்டரை நிறுத்தி லைட்டைப் போட்டுவிட்டார்கள். படம் மொத்தமே 99 நிமிடம், அதைக்கூட முழுசாக ஓட்ட மனசில்லை. இன்னும் காட்சி பாக்கி இருக்கிறது என்றதற்கு, "அடுத்த ஷோவுக்கு ஆள் ஏத்தணும், கிளம்புங்க" என்று மேனேஜர் வாசலைக் காட்டினார்.

பணத்தைத் திருப்பிக் கேட்டோம். டிக்கெட்டை எடுத்துப் பார்த்தால் அந்தத் துண்டுச் சீட்டில் விலையும் இல்லை, வரியும் இல்லை. 100 ரூபாய்க்கு மேற்பட்ட டிக்கெட்டுக்கு 18 சதவீதம் ஜிஎஸ்டி போடவேண்டும். விலை, வரி, சீட் நம்பர் எல்லாம் அச்சான டிக்கெட்டைக் கவுன்டரிலேயே கேட்டு வாங்குங்கள், தரமாட்டேன் என்றால் திரும்பி வந்துவிடுங்கள். கையில் அது இல்லாமல் நுகர்வோர் மன்றத்துக்குப் போனால் இழுபறிதான்.

தியேட்டர் லைசென்ஸ் கலெக்டர் கையில் இருக்கிறது. அதனால் ஊட்டி கலெக்டர் ஆபீசில் திங்கட்கிழமை குறைதீர் நாளில் மனு கொடுத்தேன். அங்கே படம் பார்த்த மற்றவர்களும் கொடுத்தால் நல்லது.

அப்புறம் ஒன்று. பேச்சு சரியாகக் கேட்கவில்லை என்றால் இடைவேளை வரை பொறுக்காதீர்கள், உடனே வெளியே வந்து கேளுங்கள். இடைவேளை தாண்டிவிட்டால் "பாதிப் படம் பாத்தாச்சே" என்கிறார்கள். நாங்கள் இந்த வாரமே கோவைக்குப் போய் முழுப் படத்தையும் பார்க்கப் போகிறோம்.