கட்டடமா, வீட்டின் உட்புறமா: ஆர்க்கிடெக்டின் முன் இரண்டு வழிகள்

ஆர்க்கிடெக்டாகப் பயிற்சி பெற்றவர் வீட்டு உள்வடிவமைப்புக்கு மாறினால் படிப்பு வீணாகிவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. எந்தச் சுவர் மேல்தளத்தின் பாரத்தைத் தாங்குகிறது, எதைத் தொடலாம் என்று வரைபடத்தைப் பார்த்ததும் ஊகிக்கிற கண், உள்வேலையில் பெரிய பலம்.

மாறுவது அளவுதான். கட்டடத்துக்கு 1:100 வரைபடம், அதாவது நிஜ அளவில் நூறில் ஒரு பங்காக வரைந்தது, போதுமான இடங்கள் நிறைய. வீட்டுக்குள் வந்துவிட்டால் 1:10, சில சமயம் நிஜ அளவிலேயே, 1:1. சமையல் மேடையையே எடுத்துக்கொள்ளுங்கள்: வழக்கமான உயரம் 85–90 செ.மீ. குள்ளமானவருக்கு அதே மேடையில் தோள் வலிக்கும், உயரமானவருக்கு முதுகு. துணி அலமாரிக்கு 60 செ.மீ. ஆழம் விட்டாயிற்று, சரி. கதவைத் திறந்தால் கட்டிலில் இடிக்கிறதா? இப்படிப்பட்ட கேள்விகளில் மனம் லயிப்பவர் தயங்காமல் மாறலாம்.

வேகமும் வேறு. கட்டடம் அனுமதி, அஸ்திவாரம் என்று ஆண்டுக்கணக்கில் இழுக்கும். உள்வேலை பெரும்பாலும் சில மாதங்கள். ஆனால் வீட்டுக்காரரோடு பழக்கம் நெருக்கமானது. சுவர் நிறத்தில் கணவனும் மனைவியும் ஒத்துப்போகாவிட்டால் நடுவில் நிற்பது நீங்கள்தான்.

கட்டடத் தொழிலில் சட்டப் பொறுப்பு அதிகம். பல நாடுகளில் ஆர்க்கிடெக்ட் என்று சொல்லிக்கொள்ளவே பதிவு கட்டாயம். மாறினாலும் அதைப் புதுப்பித்து வையுங்கள். எதிர்த்திசையிலும் ஆள் போயிருக்கிறார்கள்: அறைக்கலன்களும் உள்வடிவமைப்பும் செய்துவந்த ஐலீன் கிரே, 1929-இல் தென் பிரான்சில் ஈ-1027 என்ற வீட்டையே கட்டி முடித்தார்.