அப்பாவுக்கு ஏற்றிய கொழுப்பு

லண்டனில் என் வேலை வேன் ஓட்டுவது. குடல் வேலை செய்யாதவர்களுக்கு ராத்திரி முழுக்க நரம்பு வழியாக ஏறும் சாப்பாட்டுப் பைகளை வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுக்கிறேன். வேனுக்குள் 2 டிகிரியிலிருந்து 8 டிகிரிக்குள் குளிர் நிற்க வேண்டும். நின்றதா இல்லையா என்று ஒரு கருவி பதிந்துகொண்டே வரும். பதிவில் ஒரு இடம் உதைத்தாலும் அந்தப் பை நோயாளிக்குப் போகாது, டிப்போவில் அழித்துவிடுவார்கள். இத்தனை வருஷமாகப் பைகளை ஃபிரிட்ஜில் அடுக்கிவிட்டு வந்திருக்கிறேனே தவிர, அது ஒரு ஆளுக்குள் இறங்குவதை ஒரு நாளும் பார்த்ததில்லை. இந்த மே மாதம் மதுரையில் பார்த்தேன். படுத்திருந்தது அப்பா.

குடல் அடைப்பு. சிறுகுடலில் ஒரு துண்டை வெட்டித் தைத்திருந்தார்கள். ஆறாம் நாள் தையலில் கசிவு. கொழும்பு வழியாக வந்து இறங்கி நேரே ஆஸ்பத்திரிக்குப் போனால், "வாய்வழி ஒன்னும் கூடாது" என்று கட்டிலில் அட்டை தொங்குகிறது. வலது கையில் பிக் லைன், அதாவது கை நரம்பில் நுழைத்து இதயத்துக்குப் பக்கம் வரை விடும் மெல்லிய குழாய், போட்டு, அன்று சாயங்காலமே டி.பி.என், அதாவது நான் வேனில் கொண்டுபோகும் அதே நரம்புவழிச் சாப்பாடு, தொடங்குவதாகச் சொன்னார்கள். தனியார் ஆஸ்பத்திரிதான், பெயர் வேண்டாம். திட்டவும் வேண்டியிருக்கிறது, பாராட்டவும் வேண்டியிருக்கிறது.

நம் ஊர் வழக்கப்படி மருந்துச் சீட்டை அட்டெண்டர் கையில், அதாவது நம் கையில், கொடுத்துவிடுவார்கள். கீழே பார்மசிக்குப் போய் வரிசையில் நின்று வாங்கி மேலே தூக்கிக்கொண்டு வர வேண்டியது நம் பொறுப்பு. நான் போனேன். கடைப்பையன் சாதாரண அலமாரியிலிருந்து பையை எடுத்து நீட்டினான். எனக்கு வந்ததே கோபம். "ஏம்ப்பா, இதை ஃபிரிட்ஜில வைக்க மாட்டீங்களா?" என்று சத்தம் போட்டேன். உள்ளேயிருந்து வந்த பார்மசிஸ்ட் அம்மா நிதானமாகச் சொன்னார்: "சார், நீங்க சொல்றது கலந்து வெச்ச பை. இது மூணு அறைப் பை, இன்னும் கலக்கலை. 25 டிகிரிக்குள்ள இருந்தாப் போதும். உறையத்தான் கூடாது." அவர் சொன்னதுதான் சரி. இருபது பேர் பார்க்க அசடு வழிந்தேன்.

அந்தப் பையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஒரு அறையில் சர்க்கரைத் தண்ணீர், ஒன்றில் அமினோ அமிலம், மூன்றாவதில் பால் போல வெள்ளையாகக் கொழுப்பு. சிஸ்டர் பையை மேஜையில் போட்டு மேல் நுனியிலிருந்து பாய் சுருட்டுவது மாதிரி இறுக்கிச் சுருட்டினார். நடுவிலுள்ள ஒட்டுகள் பட்டென்று விட்டுக்கொடுக்க, மூன்றும் ஒன்றானது. இரண்டு மூன்று தடவை தலைகீழாகப் புரட்டிவிட்டு ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். எதற்கு என்று கேட்டேன். எண்ணெய் பிரிந்து மஞ்சளாகக் கோடு ஓடினாலோ மேலே சொட்டுச் சொட்டாக மிதந்தாலோ அந்தப் பை ஆகாதாம். எண்ணெயும் தண்ணீரும் ஒட்டாது என்பது நமக்குத் தெரிந்ததுதான். ஒட்டவைக்க முட்டை மஞ்சள் கருவிலிருந்து எடுக்கும் பாஸ்போலிப்பிட் சேர்க்கிறார்கள். சுவீடனில் ஆர்விட் ரெட்லிண்ட் 1960-களின் தொடக்கத்தில் சோயா எண்ணெயை வைத்து இன்ட்ராலிப்பிட் என்ற நரம்புவழிக் கொழுப்பைக் கொண்டுவந்தபோது கண்ட வழி, இன்றும் அதுதான். துளிகள் ஒரு மைக்ரானுக்கும், அதாவது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும், கீழே இருக்கும்வரை ரத்தம் ஏற்றுக்கொள்ளும். ஒன்றோடொன்று சேர்ந்து 5 மைக்ரானைத் தாண்டினால் நுரையீரலின் நுண்குழாய்களில் போய் அடைக்கும்.

முட்டை என்ற சொல் அம்மா காதில் விழுந்துவிட்டது. நாங்கள் சைவம். "உங்கப்பா இத்தனை வயசுக்கு ஒரு முட்டையைத் தொட்டதில்லை, இப்பப் போயி..." என்று ஆரம்பித்துவிட்டார். அப்பா கண்ணைத் திறக்காமலே, "தொண்டைக்குள்ள போகலைல்ல, நரம்புலதான போகுது. முருகன் கணக்குல வராது, விடு" என்றார்.

சிரித்தாலும் அம்மாவின் கேள்வியால் ஒரு நன்மை. அட்மிஷனில் "மருந்து ஏதாவது ஒத்துக்காதா?" என்று மட்டும் கேட்டிருந்தார்கள். முட்டை, சோயா, வேர்க்கடலை, மீன் ஒத்துக்கொள்ளுமா என்று ஒருவரும் கேட்கவில்லை. மீன் எதற்கென்றால், புதிய வகைக் கொழுப்பில் மீன் எண்ணெயும் 15 சதவீதம் கலந்திருக்கும். அலர்ஜி உள்ளவருக்கு இது சாமி குத்தம் அல்ல, உயிர் விஷயம். அம்மா கேட்ட பிறகுதான் டியூட்டி டாக்டர் கேஸ் ஷீட்டில் ஒரு வரி எழுதினார்.

முதல் நாள் சிஸ்டரைப் பற்றிக் குறை சொன்னால் நாக்கு அழுகிவிடும். லைன் மூடியை ஸ்பிரிட் பஞ்சால் அழுத்தித் தேய்த்து, காயவிட்டு, அப்புறம்தான் மாட்டினார். மெதுவாக ஓடவிட்டு அரை மணி நேரம் அங்கேயே நின்றார். குளிர் நடுக்கம், காய்ச்சல், மூச்சு முட்டல், நெஞ்சு வலி, முதுகு வலி எது வந்தாலும் உடனே கூப்பிடச் சொன்னார். பிறகு பம்பில் மணிக்கு 64 மில்லி வைத்தார். 1540 மில்லிப் பை, 24 மணி நேரம். அதில் கொழுப்பு 60 கிராம். அப்பா எடை 58 கிலோ. கிலோவுக்கு ஏறக்குறைய ஒரு கிராம். ஏற்கெனவே கொலஸ்ட்ரால் இருக்கிறவருக்குக் கொழுப்பு எதற்கு என்று தங்கச்சி கேட்டாள். கொழுப்பை விட்டால் சக்தி முழுவதையும் சர்க்கரையிலிருந்து தர வேண்டும், அப்பாவோ சர்க்கரை வியாதிக்காரர். இரண்டு மூன்று வாரம் கொழுப்பே இல்லாமல் ஓட்டினால் தோல் வறண்டு செதில் செதிலாக உரியும் என்றார் டயட்டீஷியன்.

அந்த டயட்டீஷியன் சின்னப் பெண். ஆனால் அந்த மாடியில் எல்லாரும் பயந்தது அவருக்குத்தான். மூன்றாம் நாள் வந்தவர் குழாயைத் தடவிப் பார்த்துவிட்டு, "ஃபில்டர் எங்கே?" என்றார். இல்லை. இரண்டு நாளாக இல்லை. 1.2 மைக்ரான் ஃபில்டர் வேண்டும். அதைவிடச் சின்ன 0.2 போட்டால் கொழுப்பு போகாது. நான் கீழே ஓடினால், "அதை யாரும் கேக்குறதில்லையே சார்" என்கிறான் அதே பையன். எனக்கு வயிறு கலங்கியது. கால்சியமும் பாஸ்பேட்டும் சேர்ந்து பைக்குள் கல் போலப் படிந்தாலும் அந்த வெள்ளையில் கண்ணுக்குத் தெரியாது, ஃபில்டர்தான் பிடிக்க வேண்டும். அப்படி அமெரிக்காவில் இரண்டு பேர் இறந்து, 1994-இல் அந்நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை எச்சரிக்கை விட்டதை எங்கள் டிப்போவில் வேலைக்குச் சேரும்போதே சொல்லித் தருவார்கள். வேன் ஓட்டுகிறவனுக்குத் தெரிந்தது ஆஸ்பத்திரி ஸ்டோரின் கொள்முதல் பட்டியலில் இல்லை.

ஐந்தாம் நாள் ராத்திரி. சி.டி ஸ்கேனுக்குக் கூட்டிப்போனதில் நாலு மணி நேரம் பம்ப் நின்றுவிட்டது. திரும்பி வந்து படுக்கவைத்ததும் புதிதாக வந்த நைட் சிஸ்டர் பம்பில் 110 வைத்தார். "என்னங்க சிஸ்டர், 64-ல தானே ஓடிச்சு?" "விட்டுப்போனதைப் பிடிக்கணும் சார். நாளைக்குச் சாயங்காலத்துக்குள்ள பை காலியாகணும்ல." பஸ் லேட்டானால் டிரைவர் விரட்டுவது போல. அப்பா எடைக்கு அந்த வேகம் உச்ச வரம்பைத் தாண்டவில்லை என்று பிறகு தெரிந்தது. ஆனால் இரண்டு மணிக்குச் சர்க்கரை 290. டியூட்டி டாக்டர் வந்து 64-க்கு இறக்கி, "மிச்சம் இருந்தா இருக்கட்டும். மாட்டி 24 மணி நேரம் ஆச்சுன்னா கீழ கொட்டிருங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். பாவம், காசு கொடுத்து வாங்கியதை வீணாக்கக் கூடாதென்று அந்தப் பெண் நினைத்திருக்கும்.

மறுநாள் காலை இன்னொரு கூத்து. டிரைகிளிசரைடு 980 என்று லேப் ரிப்போர்ட். சீரம் பால் மாதிரி இருந்ததாகக் குறிப்பு வேறு. 400-ஐத் தாண்டினாலே கொழுப்பைக் குறைக்கவோ நிறுத்தவோ வேண்டும். கொழுப்பு மிஞ்சினால் காய்ச்சல், ஈரல் வீக்கம், ரத்தத் தட்டு குறைவது என்று வரிசையாக வரும். பம்பை நிறுத்தினார்கள். அம்மா அழ ஆரம்பித்துவிட்டார். டயட்டீஷியன் வந்து ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: "பிளட் எங்கேருந்து எடுத்தீங்க?" ஓடிக்கொண்டிருந்த அதே பிக் லைனிலிருந்து. ஊசி குத்தாமல் சுலபமாக வருகிறதே என்று எடுத்திருக்கிறார்கள். குழாயில் நின்ற பையின் பாலும் சேர்ந்துதான் லேப்புக்குப் போயிருக்கிறது. இடது கையில் குத்தி எடுத்ததில் 236.

எட்டாம் நாள் கீழே ஸ்டாக் இல்லை. சித்தப்பா மகன் பைக்கை எடுத்துக்கொண்டு வெளிக்கடை ஒன்றில் வாங்கி வந்தான். அக்னி நட்சத்திரம். பெட்ரோல் டேங்க் கவருக்குள் வைத்து, நடுவில் ஒரு ஜிகர்தண்டா குடித்துவிட்டு ஒரு மணிக்கு வந்து சேர்ந்தான். பையைத் தொட்டால் காப்பி டம்ளர் மாதிரி சுட்டது. "உறை பிரிக்கலண்ணே, அந்த வில்லைகூடக் கறுக்கலை பாருங்க" என்றான். அந்த வில்லை உறைக்குள் காற்று புகுந்தால்தான் கறுக்கும். வெயிலைப் பற்றி அது ஒன்றும் சொல்லாது. டயட்டீஷியன் தொட்டுப் பார்த்துவிட்டு வேண்டாம் என்று தலையாட்டினார். சாயங்காலம் வேறு பை வரும்வரை வெறும் குளுக்கோஸ் ஓடியது.

அப்பாவுக்குப் பதினோராம் நாள் கசிவு நின்றது. முதலில் தண்ணீர், பிறகு வடிகஞ்சி. பை பாதியாகி, அப்புறம் நின்றது. "கொழுப்பை இறக்கிட்டாங்கடா" என்று வந்தவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார்.

கணக்கு முடிக்கும்போது சித்தப்பா மகனிடம் அந்தச் சுட்ட பையைப் பற்றிக் கேட்டேன். "அன்னைக்கே ரிட்டர்ன் பண்ணிட்டேன்ணே. பில் இருந்துச்சு, முழுக் காசையும் குடுத்துட்டாங்க." எங்கே வைத்திருந்தாய் என்று கேட்டார்களா? "அதெல்லாம் எதுக்குக் கேக்கப்போறாங்க?"

ஆட்டோ பிடித்துப் போனேன். பில் நகலில் பேட்ச் நம்பர் இருந்தது. அலமாரியில் அந்த பேட்ச் பை ஒன்றுதான் இருந்தது, உறையின் மூலையில் பைக் கவர் ஜிப் கீறிய கோட்டோடு. விஷயத்தைச் சொன்னேன். கடைக்காரர், "பாக்குறேன் சார்" என்றார். அவர் பார்க்கிற வரைக்கும் பொறுக்க முடியாமல் காசு கொடுத்து அதையே திரும்ப வாங்கினேன். வீட்டுக்குப் போய்க் கொல்லையில் கத்தரியால் ஒவ்வொரு அறையாக வெட்டிக் கொட்டினேன். வெள்ளை அறையைக் கடைசியாக வெட்டினேன். பார்க்க நல்ல பாலாகத்தான் இருந்தது.