காரைக்குடி மீல் மேக்கர் சுக்கா, ஹார்மோன் பயம் வேண்டாம்

செவ்வாய், வெள்ளியில் கறி எடுக்காத வீடு எங்களுடையது, அதனால் காரைக்குடி பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் போர்டு கூட இல்லாமல் ஓர் ஆச்சி நடத்துகிற சைவ மெஸ்ஸில், வெள்ளிக்கிழமை மட்டும் போடுகிற மீல் மேக்கர் சுக்காவுக்காகவே போனோம். தட்டு 60 ரூபாய். உருண்டைகளை உப்புத் தண்ணீரில் கொதிக்கவிட்டு, பச்சைத் தண்ணீரில் அலசி, உள்ளங்கையில் வைத்து மூன்று தடவை பிழிகிறார். "பிழியலைன்னா மசாலா உள்ள போகாது ஆத்தா" என்றார். சோயா வாடையும் அதில்தான் போகிறது. அப்புறம் சின்ன வெங்காயம், சோம்பு, கல்பாசி, மிளகு போட்டு இரும்புச் சட்டியில் ஓரம் கருகுகிற வரைக்கும் சுருள வதக்கல். கடித்தால் மேலே மொறுமொறுப்பு, உள்ளே காரம். எண்ணெய் மட்டும் கொஞ்சம் தூக்கல்.

கூட வந்த தங்கச்சி மகன் தொடவே இல்லை. "பெரியம்மா, இது ஆம்பளைங்க ஹார்மோனைக் கெடுக்குமாமே" என்கிறான், ஜிம்மில் யாரோ சொன்னார்களாம். இந்தப் பேச்சைக் கேட்டாலே எனக்கு வருத்தமாக இருக்கிறது, கறி வாங்க முடியாத வீட்டுப் பிள்ளைகள் கூட இதற்குப் பயந்து மலிவான நல்ல புரதத்தை ஒதுக்குகிறார்கள். சோயாவில் ஜெனிஸ்டீன், டெய்ட்சீன் என்ற ஐசோஃபிளேவோன்கள், அதாவது ஒருவகைத் தாவரப் பொருள்கள், இருப்பது உண்மை. பெண் ஹார்மோனான ஈஸ்ட்ரோஜன் மாதிரி அமைப்பு உள்ளதால் அது ஒட்டுகிற இடத்தில் இவையும் ஒட்டும், ஆனால் நம் உடம்பில் சுரக்கிற ஈஸ்ட்ரோஜனோடு பார்த்தால் இவற்றின் வீரியம் மிகமிகக் குறைவு. ஆண்களிடம் நடந்த பல ஆய்வுகளை 2010-இலும் 2021-இலும் மொத்தமாகச் சேர்த்துப் பார்த்தார்கள், ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோன் குறையவில்லை.

என் வயது 51, மாதவிடாய் நிற்கிற சமயத்தில் திடீர் திடீரென்று உடம்பு சூடேறி வேர்த்துக்கொட்டும். ஐசோஃபிளேவோன் அதைக் கொஞ்சம் குறைப்பதாகப் பல ஆய்வுகள் சொல்கின்றன, ஆனால் எல்லோருக்கும் ஒரே மாதிரி இல்லை. டெய்ட்சீனை ஈக்வால் என்ற பொருளாக மாற்றும் கிருமிகள் எல்லோர் குடலிலும் இருப்பதில்லை, அது ஒரு காரணமாக இருக்கலாம் என்கிறார்கள். அதற்காக ஐசோஃபிளேவோன் மாத்திரையைத் தானாக வாங்கிப் போட வேண்டாம், அது டாக்டரைக் கேட்டுச் செய்ய வேண்டியது.

தைராய்டு மாத்திரை போடுகிறவர்கள் மட்டும் கவனம்: சோயா அந்த மருந்து உடம்பில் சேர்வதைக் குறைக்கும். நானும் காலையில் வெறும் வயிற்றில் மாத்திரை போட்டுவிடுவேன், சோயா மதியம்தான்.

மெஸ்ஸுக்குப் பன்னிரண்டரைக்குள் போய்விடுங்கள், ஒரு மணிக்கு மேல் சட்டியில் வெங்காயம்தான் மிச்சமிருக்கும்.