ஹெக்டேர் கணக்கா, காட்டின் கணக்கா?

ஆஸ்திரேலியாவில் பெருந்தீயின் ஆபத்தைக் குறைக்கக் காட்டை வேண்டுமென்றே எரிப்பதில் இரண்டு வழிகள் உண்டு. அரசுத் துறைகளின் வழி, காய்ந்த சருகையும் புதரையும் கோடைக்கு முன்பே கொளுத்திவிடுவது. பெரிய பரப்பு, சில சமயம் ஹெலிகாப்டரிலிருந்தே தீ வைப்பார்கள். 2009 பெருந்தீக்குப் பின் விக்டோரியா மாநிலத்தில் பொது நிலத்தில் ஆண்டுக்குக் குறைந்தது 5% எரிக்கச் சொன்னது விசாரணை ஆணையம். ஹெக்டேரை எட்டுவதே வேலையாகிறது என்ற விமர்சனம் எழ, பிறகு அந்த இலக்கைக் கைவிட்டார்கள்.

பழங்குடிகளின் பண்பாட்டு எரிப்பு வேறு ரகம். தணிந்த சிறு தீ; பக்கத்திலேயே நடந்து வரலாம். மர உச்சி கருகாது, பூச்சிகளும் பல்லிகளும் தப்பிக்க நேரம் கிடைக்கும். எப்போது கொளுத்துவது என்பதை நாட்காட்டி சொல்லாது; மண், புல்லின் ஈரம், பூத்திருக்கும் மரம் இவைதான் சொல்லும். இதைக் கையேட்டில் படித்துத் தேறவா முடியும்? ஆஸ்திரேலியாவின் வடகோடியிலுள்ள கேப் யார்க்கில் டாமி ஜார்ஜ், ஜார்ஜ் மஸ்கிரேவ் என்ற இரு பழங்குடி மூத்தவர்களோடு நடந்து நடந்துதான், இன்று இந்த எரிப்பைக் கற்பிக்கும் விக்டர் ஸ்டெஃபென்சன் கற்றார். பண்பாட்டு எரிப்பைப் பரப்பும் ஃபயர்ஸ்டிக்ஸ் கூட்டமைப்பு வழியாக இப்போது மற்ற சமூகங்களுக்கும் அது போகிறது.

வேகமும் பரப்பும் என்றால் முதல் வழிதான், சரி. ஆனால் அதில் எழக்கூடிய சூடான தீக்குப் பின் சில இடங்களில் புதர் முன்னைவிட அடர்த்தியாக முளைக்கிறது. என் ஓட்டு இரண்டாவதுக்கே. ஒரே சிக்கல், ஒரு இளைஞரை இதில் பழக்கியெடுக்க ஆண்டுகள் பிடிக்கும்.