ஹைலக்ஸ் 4x4: மணலில் அணைக்க வேண்டியது, மலையில் அணைக்கக் கூடாதது

டொயோட்டா ஹைலக்ஸ் பிக்கப் வண்டியின் 2.8 லிட்டர் டீசல் இன்ஜினில் குறை சொல்ல ஒன்றுமில்லை. 204 குதிரைத்திறன், முறுக்குவிசை மேனுவலில் 420 நியூட்டன் மீட்டர், ஆட்டோமேட்டிக்கில் 500. வேலூர்ப் பக்கம் இந்த வண்டி மாட்டிக்கொண்டு நிற்கிறதென்றால் பெரும்பாலும் காரணம் சறுக்கும் கார் படம் போட்ட ஒரு சின்னப் பொத்தான்தான். வண்டியை டெலிவரி கொடுக்கும்போது ப்ளூடூத்தைக் காட்டுகிறார்கள், இதைக் காட்டுவதில்லை.

பாலாற்றங்கரைத் தென்னந்தோப்புக்கு இறங்கும் மணல் பாதையில் எச்4 (நான்கு சக்கரத்துக்கும் விசை போகும் நிலை) போட்டும் வண்டி இருபதடியில் தளர்ந்துவிடும். எவ்வளவு மிதித்தாலும் இன்ஜின் வேகம் ஏறாது. இது கோளாறு இல்லை. சக்கரம் வழுக்கிச் சுழல்வதைக் கண்ட டிராக்‌ஷன் கண்ட்ரோல் பிரேக்கைப் பிடித்து, இன்ஜினையும் அடக்குகிறது. மணலில் ஓட்டம் நின்றால் டயர் புதையும். அதனால் மணலுக்கு முன்பே அதை அணைத்துவிட வேண்டும்.

பொத்தானை ஒருமுறை தட்டினால் டிராக்‌ஷன் கண்ட்ரோல் மட்டும் அணையும். வேகம் கூடியதும் தானாகத் திரும்ப வந்துவிடும். வண்டியை நிறுத்தி 3 விநாடிக்கு மேல் அழுத்திப் பிடித்தால் வண்டி வழுக்கித் திரும்பாமல் காக்கும் ஸ்டெபிலிட்டி கண்ட்ரோலும் சேர்ந்து அணையும். அப்படி அணைத்தது எந்த வேகத்திலும் தானாக வராது. சென்னை-பெங்களூரு நெடுஞ்சாலையில் ஏறுமுன் மறுபடி அழுத்தி, மீட்டரில் விளக்கு அணைந்துவிட்டதா என்று பாருங்கள். மணலுக்கு டயர் காற்றை 18-20 பிஎஸ்ஐ வரை இறக்கலாம். இறக்கிய பிறகு ஸ்டியரிங்கை வெடுக்கென்று ஒடிக்கக் கூடாது, ரிம்மிலிருந்து டயர் கழன்றுவிடும். தார் ரோட்டைத் தொடுமுன் காற்றை நிரப்பியாக வேண்டும், ஆகவே 12 வோல்ட் பம்பு வண்டியிலேயே இருக்கட்டும். ஏரிக்கரைச் சேற்றுக்கும் இதே கணக்குதான். டயர் சுழன்றால்தான் அதன் பள்ளத்தில் அப்பிய களிமண் தெறித்து விழும்.

ஜவ்வாதுமலையில் கணக்கு தலைகீழ். ஜமுனாமரத்தூர்ப் பக்கம் மழை அரித்த மண் பாதையில் முன் சக்கரம் ஒன்றும் அதற்கு எதிர்மூலைப் பின் சக்கரமும் தரையை விட்டுத் தூக்கிக்கொள்ளும். இடது, வலது சக்கரங்களுக்கு விசையைப் பிரித்துக் கொடுக்கும் டிஃபரன்ஷியல் தரும் விசையெல்லாம் அந்தரத்தில் நிற்கும் சக்கரத்தைச் சுற்றுவதிலேயே போய்விடும். டிராக்‌ஷன் கண்ட்ரோல் அந்தச் சக்கரத்தைப் பிரேக்கால் பிடித்தால்தான் தரையிலிருக்கும் சக்கரத்துக்கு விசை போகும். எனவே இங்கே அதைத் தொடவே வேண்டாம். எல்4 (நான்கு சக்கரத்துக்கும் மெதுவாக, அதிக இழுவிசையோடு விசை போகும் நிலை), முதல் கியர், ஆக்சிலரேட்டரை ஒரே அளவில் இரண்டு மூன்று விநாடி பிடியுங்கள். அடியில் 'டர்ர்ர்' என்று அதிரும். பிரேக்கை இயக்கும் ஏபிஎஸ் பம்பு வேலை செய்கிற சத்தம் அது. பயந்து காலை எடுப்பவர்கள்தான் அதிகம். எடுத்தால் முதலிலிருந்து தொடங்க வேண்டும். ரொம்ப நேரம் முயன்றால் பிரேக் சூடேறி, பீப் அடித்து, சிஸ்டம் தானே நின்றுகொள்ளும். ஆறவிடுங்கள்.

எல்4 போட்டதும் ஸ்டெபிலிட்டி கண்ட்ரோல் தானாக அணைந்து விளக்கு எரியும், பதற வேண்டாம். பின் சக்கரம் இரண்டையும் ஒன்றாகச் சுற்றப் பூட்டும் பின் டிஃபரன்ஷியல் லாக் கடைசி ஆயுதம். சக்கரம் சுற்றுவதை நிறுத்திய பிறகே போட வேண்டும். போட்டால் ஏபிஎஸ் முதற்கொண்டு எல்லா உதவியும் போய்விடும், வண்டியும் வளைய மறுக்கும். நேராக ஏறி, உடனே எடுத்துவிடுங்கள்.

எனக்கு இந்த வண்டியில் பெரிய குறையாகப் படுவது ஒன்று: காய்ந்த தார் ரோட்டில் எச்4-ல் ஓட்டினாலும் அது எச்சரிப்பதே இல்லை. முன் அச்சும் பின் அச்சும் வேறு வேகத்தில் சுற்ற விடும் டிஃபரன்ஷியல் நடுவில் கிடையாது. ஏலகிரியின் 14 கொண்டை ஊசி வளைவுகளில் முன் சக்கரங்கள் அதிக தூரம் சுற்ற வேண்டும், அதற்கு வழியில்லாமல் விசை முறுக்கிக்கொள்ளும். டயர் தேயும், எச்2-க்கு (பின் சக்கரங்களுக்கு மட்டும் விசை போகும் நிலை) வர மறுக்கும். வராவிட்டால் சில அடி நேராகப் பின்னால் எடுத்தால் விடுபடும்.

ஆனால் மழையில், பின்தொட்டி காலியாக இருக்கும்போது, ஸ்டெபிலிட்டி கண்ட்ரோல் உயிர் காக்கும் சாமான். பின்பக்கம் எடையில்லாமல் வால் வீசத் தொடங்கும்போது வெளிப்பக்க முன் சக்கரத்தைப் பிரேக் பிடித்து வண்டியை நேராக்குகிறது. விளக்கு மினுக்கினால் வேலை நடக்கிறது என்று பொருள், வேகத்தைக் குறையுங்கள். இரண்டு மூன்று மூட்டையைப் பின் அச்சுக்குச் சற்று முன்னால் கட்டிவைத்தால் இன்னும் நல்லது.

நான்கு டயரும் ஒரே அளவு, ஒரே தேய்மானம் இருக்கட்டும். சென்சார் ஒவ்வொரு சக்கரத்தின் வேகத்தையும் ஒப்பிட்டுத்தான் முடிவெடுக்கிறது.