ஸ்லீப்பிபாட் கிளிக்கிட் ஸ்போர்ட்: கார் பயணத்தில் நாய்க்கான ஹார்னெஸ்

காரில் நாயைக் கட்டிவைக்க, அதன் நெஞ்சைச் சுற்றி மாட்டும்படி விற்கும் ஹார்னெஸ்களில் பெரும்பாலும் முதுகிலிருந்து ஒரு பட்டை நீளும்; அதன் முனையை சீட் பெல்ட் பக்கிளில் மாட்டுவோம். திடீர் பிரேக்குக்கு அது தாங்கும். மோதலில் அந்தப் பட்டையின் நீளம்தான் வினை. அது விறைக்கும்வரை நாய் காரின் பழைய வேகத்திலேயே முன்னால் பாயும். பிறகு மொத்த விசையும் ஒரே வெட்டில் நெஞ்சில் இறங்கும். 50 கிலோமீட்டர் வேகத்தில் போகும் கார் 0.1 விநாடியில் நின்றால், 20 கிலோ நாயைப் பிடித்து நிறுத்த சராசரியாக 280 கிலோ எடைக்குச் சமமான விசை வேண்டும். பட்டை தளர்ந்திருந்தால் இன்னும் கூடும். பிளாஸ்டிக் கொக்கி தெறிப்பது அங்கேதான்.

கிளிக்கிட் ஸ்போர்ட்டில் அந்த நீளப் பட்டையே கிடையாது. மெத்தை வைத்த அகலமான நெஞ்சங்கி, முதுகில் வளையங்கள். இடுப்பையும் தோளையும் பிடிக்கும் காரின் சீட் பெல்ட்டையே அவற்றுக்குள் நுழைத்துப் பூட்ட வேண்டும். உடல் இருக்கையோடு ஒட்டி நிற்கும். அமெரிக்காவின் சென்டர் ஃபார் பெட் சேஃப்டி நடத்தும் மோதல் சோதனையில் தேறிச் சான்று பெற்ற வெகு சில ஹார்னெஸ்களில் இதுவும் ஒன்று. மற்றவற்றின் அட்டையில் ‘சோதிக்கப்பட்டது’ என்று அச்சிட்டிருப்பதை நம்பி வாங்காதீர்கள். தேறியதா என்று அதில் இருக்காது.

அளவில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். எடையை மட்டும் பார்த்தால் போதாது. முன்னங்கால்களுக்குச் சற்றுப் பின்னால் மார்புச் சுற்றளவை எடுங்கள். மாட்டிய பின் பட்டைக்கும் உடம்புக்கும் நடுவே இரண்டு விரல் தட்டையாக நுழையலாம், அதற்குமேல் கூடாது. அடர்ந்த ரோமம் ஏமாற்றும், விலக்கிப் பாருங்கள். பெல்ட் முறுக்காமல் போகிறதா என்று ஒவ்வொரு முறையும் தடவிப் பார்க்க வேண்டும். நெளியும் நாயை வைத்துக்கொண்டு இதைச் செய்வது லேசான வேலையில்லை.

நாய் உட்காரலாம், படுக்கலாம். சுற்றித் திரும்ப முடியாது. ஜன்னலுக்கு ஜன்னல் தாவிப் பழகியது முரண்டு பிடிக்கும். நிறுத்திய காரில் 5 நிமிடம் என்று பழக்கத் தொடங்குங்கள். பக்கிள் பட்டனை மிதித்துக் கழற்றும் ஆபத்து இதிலும் உண்டு. முன் இருக்கை வேண்டவே வேண்டாம், ஏர்பேக் விரியும் வேகத்தை நாய் தாங்காது.

மிகச் சிறிய நாய்களுக்கு இதில் அளவு இல்லை. அவற்றுக்கு, சோதனையில் தேறிய கேரியர் (நாயை உள்ளே வைத்துக் கொண்டுபோகும் பை அல்லது பெட்டி) தான் சரி. பெல்ட்டைக் கடிக்கும் நாய்க்கும் வாங்காதீர்கள்: பல் பட்டு இழை பிரிந்த சீட் பெல்ட்டை, அதில் அடுத்து மனிதர் உட்காருவதற்கு முன்பே மாற்றியாக வேண்டும்.