தோற்ற ஆட்டத்தின் கணக்கு: செந்தூலில் ஒரு சாப்ட்பால் பயிற்சி வகுப்பு

கோலாலம்பூரின் செந்தூலில் ஒரு தமிழ்ப்பள்ளித் திடலில் சனிக்கிழமை காலைகளில் நடைபெறும் சாப்ட்பால் (பேஸ்பாலைப் போன்ற மட்டைப்பந்து ஆட்டம்) வகுப்பில், இரண்டாம் படிவம் படிக்கும் என் மகளைச் சேர்த்து எட்டு மாதங்கள் ஆகின்றன. மாதக் கட்டணம் 120 ரிங்கிட்; கையுறையும் மட்டையும் அங்கேயே தருகிறார்கள். எறியவும் பிடிக்கவும் அடிக்கவும் கற்றுத்தருவதில் இந்த வகுப்புக்குத் தனிச் சிறப்பு ஏதுமில்லை. அணி படுதோல்வி அடைந்த பிறகு பயிற்றுநர் நடந்துகொள்ளும் முறைக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

முன்பு அவள் சென்ற வேறொரு வகுப்பில், தோற்றால் திடலைப் பத்துச் சுற்று ஓட வேண்டும். பெற்றோர் முன்னிலையில் பெயர் சொல்லித் திட்டும் விழும். பிள்ளைகளுக்கு மூச்சு வாங்கியதே தவிர, ஆட்டம் எந்த இடத்தில் கைநழுவியது என்பது யாருக்கும் தெரிந்ததில்லை.

இங்கே, சென்ற மாத நட்புமுறை ஆட்டத்தில் 17-2 என்று தோற்ற அன்று, பயிற்றுநர் தண்ணீர் குடித்துவிட்டு வீட்டுக்குப் போகச் சொன்னதோடு சரி. அடுத்த சனிக்கிழமை ஸ்கோர் புத்தகத்தைப் புல்தரையில் விரித்து வைத்தார். ஆட்டக்காரரின் பிழை எதுவும் தப்பிக்க முடியாத புத்தகம் அது. பந்தை எறியும் பிட்சருக்கு 1, அடிப்பவருக்குப் பின்னால் நின்று அதைப் பிடிக்கும் கேட்சருக்கு 2 என்று தொடங்கும் வரிசையில், இரண்டாம், மூன்றாம் தளங்களுக்கு இடையே நிற்கும் ஷார்ட்ஸ்டாப்பின் எண் 6 என்பதால், அவர் கைக்கு வந்த பந்தைத் தவறவிட்டால் 'ஈ6' ('ஈ' என்றால் எரர், அதாவது பிழை) என்று பதிவாகும். பிட்சர் தாறுமாறாக எறிந்த பந்தா, கேட்சர் பிடித்திருக்க வேண்டிய பந்தா என்பதும் தனித்தனியே குறிக்கப்படும். ஆனால் பயிற்றுநரின் தவறான முடிவுக்கு அதில் கட்டமே கிடையாது. இவர் ஓரத்தில் தாமே ஒரு கட்டம் வரைந்து, மூன்றாவது இன்னிங்ஸுக்கு நேரே பயிற்றுநரைக் குறிக்க 'ப' என்று எழுதியிருந்தார். பிட்சரின் கை தளர்ந்ததைக் கண்டும் மாற்றாமல் விட்டது தம் பிழை என்றார். தொழில்முறை பேஸ்பாலில் மாற்றப்பட்டவர் அந்த ஆட்டத்தில் திரும்ப முடியாது என்பதால் பயிற்றுநர் தயங்குவதில் நியாயம் உண்டு; சாப்ட்பாலிலோ தொடக்க ஆட்டக்காரர் ஒருமுறை மீண்டும் களமிறங்கலாம் என்பதால், அந்தச் சாக்கும் தமக்கில்லை என்று அவரே சேர்த்துக்கொண்டார்.

அதன் பிறகுதான் என் மகள் வாய் திறந்தாள். "ரெண்டாவது ஈ6 என்னோடது சார், பந்தைப் பார்க்காம ஓடுறவளைப் பார்த்துட்டேன்" என்றாள். (வீட்டில் ஒரு தட்டு உடைந்தால்கூட இவ்வளவு சீக்கிரம் ஒப்புக்கொள்பவள் அல்லள்.) அவர் பாராட்டவுமில்லை, கடிந்துகொள்ளவுமில்லை, தரையில் உருண்டு வரும் பந்தைப் பிடிக்கும் பயிற்சியை அரைமணி நேரம் எல்லோருக்கும் கொடுத்தார்.

குறைகளும் உண்டு. தம் பிழையை முதலில் சொல்லும் இவர், தொடர்ந்து தாமதமாக வரும் இரண்டு பிள்ளைகளை ஒன்றும் சொல்வதில்லை. தோல்வியின் பழியைத் தாம் ஏற்பது வேறு, பயிற்சிக்கு நேரத்தில் வர வேண்டும் என்ற விதியைத் தளர்த்துவது வேறு. தோற்ற ஆட்டத்தைப் பற்றிப் பேச ஒரு வாரம் காத்திருப்பதும் பதினான்கு வயதினருக்கு நீண்ட காலம். அந்த வாரம் முழுவதும் என் மகள் சரியாகச் சாப்பிடவில்லை. மழையால் நின்றுபோன வகுப்புகளுக்கு மாற்று நாளும் தருவதில்லை. இதைக் கேட்டபோது, புத்தகத்தை எடுத்து இன்னொரு 'ப' போட்டுக்கொண்டார். மாற்று நாள் இன்னும் அறிவிக்கப்படவில்லை.